மறைந்த பொறிக்கு மறு உயிர்: பழைய வீடியோ விளையாட்டுகளும் எமுலேட்டர்களும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல் மாணவி, கட்டுமாவடி)

முன்னுரை

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஒரு பொறியின் அருமையும் அது பழுதாகி மூலையில் கிடக்கும்போதுதான் தெரிகிறது. அவ்வாறு பழுதாகிப்போன ஒரு விளையாட்டுப் பொறியை மீண்டும் இயங்கவைக்க முடியுமா என்ற கேள்வியிலிருந்து பிறந்தது இக்கட்டுரை.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, மீன் சந்தையால் பெயர்பெற்று விளங்குவது எங்கள் கட்டுமாவடி. என் தந்தையார் நாட்டுப்படகில் கடலுக்குச் செல்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்தவள் நான். எங்கள் வீட்டில் அரசு தந்த மின்னணுப் பொருள்கள் இரண்டு இருந்தன. 2006ஆம் ஆண்டில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டி ஒன்று. 2011ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின்கீழ், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கையில் என் அக்காவுக்குக் கிடைத்த மடிக்கணிப்பொறி மற்றொன்று.

அந்தத் தொலைக்காட்சியில்தான் மாமா வாங்கிவந்த 'டிவி கேம்' பெட்டியை மாட்டி மாரியோவும் காண்ட்ராவும் விளையாடினோம். ஜாய்ஸ்டிக் இரண்டே இரண்டு. மாமாவும் தெருப் பையன்களும் எழுந்துபோன பின்னரே அக்காவுக்கும் எனக்கும் முறை வரும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டுக் கூரையையும் கொண்டுபோயிற்று. தொலைக்காட்சியும் டிவி கேமும் நீரில் ஊறி வீணாயின. மடிக்கணிப்பொறி மட்டும் பிழைத்தது. அதனைப் பாலிதீன் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு அக்கா முன்னிரவே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள்.

அக்கா கல்லூரிக்குச் செல்லவில்லை, மணமாகிச் சென்றாள். நான் கல்லூரியில் சேர்ந்த அன்று அந்த மடிக்கணிப்பொறியை என் கையில் கொடுத்து, "நீயாச்சும் படிடி. அப்புடியே, அந்தக் காண்ட்ரா இதுல ஓடுமான்னு பாரு" என்றாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய விடையை முதலில் உங்கள் முன் வைக்கிறேன்.

எமுலேட்டர் என்பது யாது?

ஒரு பொறிக்கென எழுதப்பட்ட நிரலை, ஓர் எழுத்தும் மாற்றாமல், வேறொரு பொறியில் இயங்கச் செய்யும் ஏற்பாட்டுக்கே எமுலேட்டர் என்று பெயர். புதிய பொறி பழைய பொறியின் வேடத்தைப் புனைந்துகொள்கிறது. வேடம் எவ்வளவு பொருத்தமானது என்றால், உள்ளே ஓடும் நிரலுக்குத் தான் வேற்று வீட்டில் இருக்கிறோம் என்பதே தெரியாது.

இதனைச் சிமுலேட்டரோடு குழப்பிக்கொள்ளலாகாது. விமானிகளுக்குப் பயிற்சி தரும் சிமுலேட்டர் விமானத்தின் நடத்தையைக் காட்டும். ஆனால் அசல் விமானத்தின் உதிரிப் பாகத்தைக் கொண்டுவந்து அதில் பொருத்த முடியாது. எமுலேட்டரோ அசல் பொறிக்குரிய நிரலையே ஏற்று நடத்த வேண்டும்.

இதற்கு அடிப்படையான எண்ணம் கணிப்பொறியைவிட மூத்தது. 1936ஆம் ஆண்டில் ஆலன் டூரிங் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர், ஒரு பொறியின் செயல் விதிகளை எழுதிக் கொடுத்துவிட்டால் அதனைப் படித்து அப்பொறியைப் போலவே நடக்கக்கூடிய ஒரு பொதுப்பொறி இயலும் என்று காட்டினார். அவர் காட்டியது தாளில். வணிகத்தில் அதன் தேவை பின்னர் எழுந்தது. ஐ.பி.எம். நிறுவனம் 1959இல் வெளியிட்ட 1401 என்னும் கணிப்பொறி பல அலுவலகங்களில் பரவியிருந்தது. 1964இல் அந்நிறுவனம் சிஸ்டம்/360 என்ற புதிய வரிசையை அறிவித்தபோது, "எங்கள் பழைய நிரல்களை என்ன செய்வது?" என்ற கேள்வி வாடிக்கையாளர்களிடம் எழுந்தது. பழைய பொறியின் கட்டளைகளைப் புதிய பொறியே புரிந்துகொள்ளும் வசதியை ஐ.பி.எம். பொறியாளர்கள் உண்டாக்கினர். எமுலேட்டர் என்ற சொல் இத்துறையில் வழங்கத் தொடங்கியது அப்போதுதான். ஆகவே, விளையாட்டுக்காக வந்ததன்று இந்தக் கலை. பழைய உழைப்பு வீணாகக் கூடாது என்ற கவலையில் பிறந்தது.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது என்ன?

வேடம் போடுபவர் முதலில் தாம் ஏற்கும் பாத்திரத்தை அறிய வேண்டும். நம் வீடுகளில் 'டிவி கேம்' என்று வழங்கியவற்றுள் பெரும்பாலானவை, ஜப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ 1983 ஜூலை 15 அன்று வெளியிட்ட 'ஃபாமிகாம்' பொறியின் நகல்களே. அதன் வேறு வடிவம் 1985இல் 'நெஸ்' என்ற பெயரில் அமெரிக்காவுக்குச் சென்றது. இந்தியாவில் அவ்வகைப் பெட்டிகள் சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்களில் விற்பனையாயின.

ஃபாமிகாமின் மையச் செயலகம் 6502 என்னும் எட்டு பிட்டுச் சில்லின் வழிவந்தது. நொடிக்கு ஏறத்தாழ 17 லட்சத்து 90 ஆயிரம் துடிப்புகள் அதன் வேகம். வேலை நினைவகம் 2 கிலோபைட்டு மட்டுமே. படம் வரைவதற்கெனத் தனிச் சில்லு ஒன்று உண்டு. அது கிடையாக 256, நெடுக்காக 240 புள்ளிகள் கொண்ட படத்தை நொடிக்கு 60 முறை வரைகிறது. திரையில் நகரும் உருவங்களை 64 சிறு துண்டுகளாக அது வைத்துக்கொள்ளும். ஆயினும் ஒரு கிடைவரியில் 8 துண்டுகளுக்குமேல் அதனால் காட்ட இயலாது. எதிரிகள் கூட்டமாக வரும்போது உருவங்கள் மினுக்மினுக்கென்று மறைந்து தோன்றியது உங்களுக்கு நினைவிருக்கலாம். அது பெட்டியின் பழுதன்று. இந்த எட்டுத் துண்டு வரம்பின் விளைவு.

1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் விளையாட்டின் மொத்த அளவு 40 கிலோபைட்டு. இன்றைய யூனிகோடு முறையில், யு.டி.எஃப்-8 வடிவில், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டு தேவைப்படுகிறது. அந்தக் கணக்கில், நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இக்கட்டுரை அந்த விளையாட்டைவிடப் பெரியது! இதனை எண்ணிப் பார்க்கையில், அன்றைய நிரலாளர்களின் சிக்கனத்துக்குத் தலைவணங்கத் தோன்றுகிறது.

1988இல் இப்பொறிக்கு வந்த காண்ட்ரா 128 கிலோபைட்டு. ஆனால் கேட்ரிட்ஜில் உள்ள நிரலுக்காக மையச் செயலகம் ஒதுக்கிய இடமோ 32 கிலோபைட்டுதான். எவ்வாறு அடங்கியது? நம் வீட்டுப் பரணை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சாமான்களும் கூடத்தில் கொள்ளா. வேண்டியதை மட்டும் பரணிலிருந்து இறக்குகிறோம், வேலை முடிந்ததும் ஏற்றிவிடுகிறோம். காண்ட்ராவின் நிரல் 16 கிலோபைட்டு கொண்ட எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பகுதி எப்போதும் கூடத்திலேயே இருக்கும். மற்றவை முறைவைத்து இறங்கும். இந்த ஏற்றி இறக்கும் வேலையைச் செய்யும் சுற்று கேட்ரிட்ஜுக்குள்ளேயே இருந்தது. இதனை 'மேப்பர்' என்பர். '9999 இன் 1' என்று அட்டையில் அச்சிட்டு, சில விளையாட்டுகளையே திரும்பத் திரும்பக் காட்டி நம்மை ஏமாற்றிய கேட்ரிட்ஜுகளும் தமக்கெனத் தனி மேப்பர்களை உடையவை. எமுலேட்டர் எழுதுவோர் ஒரே ஒரு பெட்டியை மட்டுமன்றி, இத்தகைய நூற்றுக்கணக்கான கேட்ரிட்ஜுச் சுற்றுகளையும் அறிந்திருக்க வேண்டும்.

வேடம் பொருந்துவது எவ்வாறு?

எமுலேட்டரின் உள்ளே நடப்பது ஓயாத ஒரு சுழற்சி. பழைய நிரலிலிருந்து ஒரு கட்டளையை எடுக்கிறது. அதன் பொருளை அறிகிறது. பழைய செயலகம் என்ன செய்திருக்குமோ அதனைத் தன் நினைவகத்தில் செய்கிறது. அடுத்த கட்டளைக்குச் செல்கிறது. நாம் வகுப்பறையில் பயிலும் 'எடு, பொருளறி, செய்' என்னும் மூன்று படிகளே இவை.

கடினமானது கட்டளையின் பொருளன்று, காலம். ஃபாமிகாமில் ஒரு படம் வரைந்து முடிவதற்குள் மையச் செயலகம் ஏறத்தாழ 29,780 துடிப்புகளைக் கடக்கிறது. அதற்குள் படச் சில்லும் ஒலிச் சுற்றும் இணையாகத் தம் வேலையைச் செய்கின்றன. மூன்றையும் ஒரே செயலகத்தில் மாறி மாறி நடத்தி, மூன்றும் ஒரே நேரத்தில் நடந்ததாகக் காட்ட வேண்டும்.

மாரியோ விளையாட்டின் மேற்பகுதியில் மதிப்பெண்ணும் காசும் காட்டும் பட்டை அசையாமல் நிற்க, கீழே உலகம் மட்டும் நகரும். ஆனால் அந்தப் படச் சில்லுக்குத் திரையைத் துண்டாகப் பிரிக்கத் தெரியாது. ஆகவே நிரலாளர்கள் ஓர் உத்தி செய்தனர். மேற்பட்டையில் ஓர் உருவத் துண்டை வைத்து, வரையும் கதிர் அந்த இடத்தை அடைந்ததற்கான குறி எழும்வரை நிரலைக் காத்திருக்கச் செய்தனர். குறி எழுந்த பின்னர் கீழ்ப்பகுதியை நகர்த்தினர். இக்குறியை எமுலேட்டர் எழுப்பத் தவறினால், நிரல் காத்துக்கொண்டே நிற்கும், விளையாட்டு உறைந்துபோகும். தோராயமான வேடம் சில விளையாட்டுகளில் செல்லும், சிலவற்றில் செல்லாது என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் துல்லியத்துக்கு விலை உண்டு. நியர் என்ற புனைபெயரில் எழுதிய நிரலாளர், நெஸுக்கு அடுத்து வந்த சூப்பர் நிண்டெண்டோவுக்கு பிஸ்நெஸ் என்ற எமுலேட்டரை 2004 முதல் உருவாக்கினார். மூலப்பொறியின் முதன்மைத் துடிப்பு சுமார் 21 மெகாஹெர்ட்ஸே. அதனை முழுத் துல்லியத்தோடு நடிக்க 3 கிகாஹெர்ட்ஸ் அளவிலான கணிப்பொறி தேவைப்படுகிறது என்று 2011இல் அவர் விளக்கி எழுதினார். ஒருவரைப் போல நடிப்பது, அவராக வாழ்வதைவிடக் கடினம் போலும்!

தேர்ந்தெடுக்கும் முறை

'எது சிறந்த எமுலேட்டர்?' என்று கேட்பது, 'எது சிறந்த வலை?' என்று எங்கள் ஊரில் கேட்பதற்கு ஒப்பாகும். நண்டு வலையில் நெத்திலி நிற்காது. ஆகவே நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலாவது, எந்தப் பொறி? நெஸ் வகைக்கு எஃப்.சி.இ.யு.எக்ஸ்., நெஸ்டோபியா, மெசன் ஆகியவை உள்ளன. சூப்பர் நிண்டெண்டோவுக்கு ஸ்நெஸ்9எக்ஸ், பிஸ்நெஸ். காசு போட்டு ஆடும் ஆர்க்கேடு பொறிகளுக்கு 1997 முதல் வளர்ந்துவரும் மேம். பழைய டாஸ் விளையாட்டுகளுக்கு 2002இல் வந்த டாஸ்பாக்ஸ். சோனியின் கைப்பொறியாகிய பி.எஸ்.பி.க்கு 2012இல் வந்த பி.பி.எஸ்.எஸ்.பி.பி. பல எமுலேட்டர்களை ஒரே கூரையின்கீழ் வைத்திருக்கும் ரெட்ரோஆர்க் என்பதும் உண்டு. ஆனால் அதன் அமைப்புப் பட்டியல்கள் மிகுதி. புதியவர் முதலில் தனி எமுலேட்டர் ஒன்றைக் கற்பது எளிது.

இரண்டாவது, நம் கணிப்பொறியின் வலிமை எவ்வளவு? அக்காவின் மடிக்கணிப்பொறியில் நினைவகம் 2 கிகாபைட்டு. மெசன் மிகத் துல்லியமானது; எனினும் என் கணிப்பொறிக்கு இலேசான எஃப்.சி.இ.யு.எக்ஸ். போதுமானதாயிற்று. புதிய கணிப்பொறி உடையோர் மெசனைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.

மூன்றாவது, நோக்கம் என்ன? விளையாடுவது மட்டுமா, உள்ளே நடப்பதைப் பார்ப்பதுமா? எஃப்.சி.இ.யு.எக்ஸிலும் மெசனிலும் நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டும் மாறுவதைக் கண்ணால் காணும் வசதி உண்டு. நுண்செயலிப் பாடத்தில் கரும்பலகையில் கண்ட சேர்ப்பான்களும் அடுக்கும் இயங்குவதை அங்கேதான் நான் உயிரோடு கண்டேன்.

நான்காவது, அதன் மூல நிரல் திறந்ததா? மேலே கூறிய நெஸ் எமுலேட்டர்கள் மூன்றுக்கும் மூல நிரல் வெளிப்படையாகக் கிடைக்கிறது. பிறர் படித்துத் திருத்தக்கூடிய நிரலே நெடுங்காலம் நிலைக்கும்.

அமைக்கும் முறை

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். எதையும் படிக்காமல், எங்கிருந்தோ 'காண்ட்ரா முழுவதும் இலவசம்' என்ற கோப்பை இறக்கினேன். அதன் பெயர் .இ.எக்ஸ்.இ. என்று முடிந்தது. அதனைத் தட்டிய சிறிது நேரத்தில் கணிப்பொறி முடங்கிற்று. கணிப்பொறி ஆய்வகத்தில் எல்லாவற்றையும் அழித்து லினக்ஸ் நிறுவ வேண்டியதாயிற்று. அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் தட்டச்சு செய்து வைத்திருந்த செய்முறைப் பாடங்கள் அனைத்தும் போயின. அவள் படிப்பின் கடைசிச் சுவடு அது. தொலைபேசியில் அழுதுகொண்டே சொன்னேன். "போனாப் போவுது, விடுடி. அத நான் தொறந்தே அஞ்சு வருசமாச்சு" என்றாள். ஆனாலும் அவள் குரல் சற்றே தாழ்ந்தது. ஆகவே, நண்பர்களே, கீழ்க்காணும் வரிசையை மாற்றாதீர்கள்.

1. கணிப்பொறியில் உள்ள அரியவற்றுக்கு முதலில் வேறோர் இடத்தில் நகல் எடுங்கள்.

2. எமுலேட்டரை அதனை உருவாக்கியோரின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் பெறுங்கள். லினக்ஸில் அதன் மென்பொருள் களஞ்சியத்திலிருந்தே நிறுவலாம்.

3. விளையாட்டுக் கோப்பு தானே இயங்கும் நிரலாக வராது. நெஸ் விளையாட்டு பொதுவாக .நெஸ் என்று முடியும். அதன் தொடக்கத்தில் 16 பைட்டு முகவுரை உண்டு. முதல் மூன்று பைட்டுகளில் ஆங்கில எழுத்துகளில் 'நெஸ்' என்றே இருக்கும். மேப்பர் எண்ணும் அம்முகவுரையில் இருக்கும். .இ.எக்ஸ்.இ. என்று முடியும் விளையாட்டுக் கோப்பைக் கண்டால் விலகிவிடுங்கள்.

4. சில பொறிகளுக்குப் பயாஸ் என்னும் அடிப்படை நிரலும் வேண்டும். நெஸ் கேட்ரிட்ஜ் விளையாட்டுகளுக்கு அது தேவையில்லை. தொடக்கத்துக்கு நெஸ் எளிது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

5. பொத்தான்களை விசைப்பலகையில் பொருத்துங்கள். நான்கு திசைகள், ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட் ஆக எட்டுப் பொத்தான்கள். பல விசைப்பலகைகள் சில விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் ஒன்றை விட்டுவிடும். இருவர் விளையாடுவதாயின் யு.எஸ்.பி. ஜாய்ஸ்டிக் ஒன்று வாங்குவது சண்டையைத் தவிர்க்கும்.

6. படத்தின் வடிவத்தை நான்குக்கு மூன்று என்று வையுங்கள். அகன்ற திரை முழுவதும் இழுத்துவிட்டால் மாரியோ வயிறு பருத்துத் தோன்றுவார்.

7. 'நிலையைச் சேமி' என்னும் வசதியைப் பழகுங்கள். அந்த நொடியில் பொறியின் நினைவகத்திலும் சேர்ப்பான்களிலும் இருப்பவற்றை அப்படியே ஒரு கோப்பாக எழுதிவைப்பதே இது. மின்வெட்டு மிகுந்திருந்த காலத்தில், கடைசிக் கட்டத்தில் மின்சாரம் போய், மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்ததை அக்கா இன்றும் சொல்லிச் சிரிப்பாள். இனி அந்தத் துயரம் இல்லை.

வேகத்தின் புதிர்

இந்நிலையில் அக்கா என்னைத் திகைக்கவைத்தாள். அமெரிக்கப் பெட்டியில் ஒருவர் காண்ட்ரா ஆடியதைப் பதிவுசெய்த காட்சியைக் கைப்பேசியில் அவளுக்குக் காட்டினேன். சிறிது நேரம் கேட்டுவிட்டு, "இது நம்ம காண்ட்ரா இல்லடி. பாட்டு வேகமா ஓடுது" என்றாள். நினைவு மங்கிவிட்டது என்றே நான் எண்ணினேன். பிறகு படித்தபோதுதான் அவள் செவி தவறவில்லை என்று விளங்கிற்று.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சி நொடிக்கு 60 படங்கள் என்ற முறையில் ஓடியது. இந்தியாவில் நாம் கொண்டது பால் முறை; நொடிக்கு 50. விளையாட்டுகளின் இசை பெரும்பாலும் படத்துக்கு ஒரு தரம் முன்னேறுமாறு எழுதப்பட்டது. ஆகவே 60 நொடியில் முடிய வேண்டிய பாட்டு 50 முறையில் 72 நொடி எடுத்துக்கொள்ளும். நிண்டெண்டோ பால் நாடுகளுக்கெனச் செய்த பெட்டியில் மையச் செயலகத்தின் வேகமும் 1.66 மெகாஹெர்ட்ஸாகக் குறைந்ததால், சுருதியும் அரைச் சுரத்துக்குச் சற்று மேலாக இறங்கியது. ஆனால் நகல் பெட்டிகளைச் செய்தோர் வேறொரு வழியைக் கண்டனர். 50 படங்களை வைத்துக்கொண்டு, செயலகத்தை 1.77 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினர். சுருதி ஏறத்தாழ அதேதான். தாளம் மட்டும் மெதுவானது. 1992இல் ரஷ்யாவில் வெளிவந்து புகழ்பெற்ற டெண்டி என்னும் நகல் பெட்டியின் பெயரால் இம்முறை வழங்குகிறது. எஃப்.சி.இ.யு.எக்ஸிலும் மெசனிலும் நாட்டுமுறைப் பட்டியலில் என்.டி.எஸ்.சி., பால், டெண்டி என்று மூன்றும் இருக்கும்.

உரிமையோடு கிடைத்த ஒரு சிறு விளையாட்டை ஓட்டி, முறைகளை மாற்றி, தொலைபேசியில் அக்காவைக் கேட்கச் செய்தேன். டெண்டிக்கு மாற்றியதும், "ஆங், இந்த நடைதான்!" என்றாள். எங்கள் பெட்டியும் அவ்வகையைச் சேர்ந்ததாகவே இருந்திருக்க வேண்டும்.

இதிலிருந்து நான் கற்றது ஒன்று. துல்லியம் என்பது தனித்து நிற்கும் சொல்லன்று. எந்தப் பொறிக்குத் துல்லியம் என்று கேட்க வேண்டும். ஜப்பானில் பிறந்த அசல் ஒன்று; கட்டுமாவடியில் ஓடிய நகல் மற்றொன்று. நகலின் நடையையும் யாரோ சிலர் அளந்து, பதிவுசெய்து, எமுலேட்டரில் ஓர் இடம் கொடுத்திருக்கின்றனர். பட்டியலில் ஒரு வரிதான் அது. ஆனால் எங்கள் வீட்டுக் கூடம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

யாருடைய விளையாட்டு?

எமுலேட்டரைப் பற்றிப் பேசுவோர் சட்டத்தைப் பற்றிப் பேசாமல் விடலாகாது. எமுலேட்டரும் விளையாட்டும் வேறு வேறு. தன் பிளேஸ்டேஷனுக்கு எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் நிறுவனத்தின்மீது சோனி தொடுத்த வழக்கில், பொறியை ஆராய்வதற்காக இடைநிலையில் நகல் எடுத்தது நியாயமான பயன்பாடே என்று 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஆயினும் எல்லை உண்டு. பூட்டை உடைப்பதற்குத் துணைபோவதாக நிண்டெண்டோ தொடுத்த வழக்கில், யூசு என்னும் எமுலேட்டரைச் செய்தோர் 2024இல் 24 லட்சம் டாலர் தர இசைந்து அதனை நிறுத்திவிட்டனர்.

நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஒரு நிரலை முறைப்படி உடைமையாகக் கொண்டவர், இழப்பு நேராமல் காப்பதற்காக நகல் வைத்துக்கொள்ள இடமளிக்கிறது. நிரலின் இயக்கத்தைக் கவனித்து ஆராயவும் அதே பிரிவில் இடமுண்டு. ஆனால் முறையற்ற நகல் என்று அறிந்தே ஒரு நிரலைக் கணிப்பொறியில் பயன்படுத்துவதற்கு 63பி பிரிவு தண்டனை கூறுகிறது.

அப்படியானால் மாமா காசு கொடுத்து வாங்கிய அந்தக் கேட்ரிட்ஜ்? அதுவே உரிமையாளர் அனுமதியின்றிச் செய்யப்பட்ட நகல். வாங்கிய நமக்கு அது தெரியாது, விற்றவரும் சொல்லவில்லை. அந்த நகல் இல்லாதிருந்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் காண்ட்ராவைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. நேற்று அறியாமல் செய்தது வேறு. அறிந்தபின் இன்று செய்வது வேறு. கணிப்பொறி அறிவியல் பயின்று, நாளை நிரல் எழுதிப் பிழைக்கப்போகும் நாம், பிறர் எழுதிய நிரலுக்கு விலையில்லை என்று எண்ணலாமா?

நல்வழிகள் உள்ளன. காண்ட்ராவை உருவாக்கிய கொனாமி நிறுவனமே 2019இல் பழைய காண்ட்ரா விளையாட்டுகளின் தொகுப்பை வெளியிட்டது. நிண்டெண்டோவும் 2016இல் 30 விளையாட்டுகளோடு ஒரு சிறு பெட்டியை விற்றது. அதற்குள் ஓடியதும் எமுலேட்டரே. இவையன்றி, இன்றும் ஃபாமிகாமுக்குப் புதிதாக விளையாட்டு எழுதி இலவசமாக வழங்குவோர் உளர். டேமியன் யெரிக் என்பவர் எழுதிய த்வேய்ட் அவற்றுள் ஒன்று. வானிலிருந்து விழும் எறிபடைகளிடமிருந்து ஒரு சிற்றூரின் வீடுகளைக் காக்கும் ஆட்டம் அது. இருவர் சேர்ந்து ஆடலாம். மூல நிரலும் உடன் கிடைக்கிறது.

முடிவுரை

சென்ற விடுமுறைக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். மடிக்கணிப்பொறியைத் திண்ணையில் வைத்து இருவரும் த்வேய்ட் ஆடினோம். முதன்முறையாக, யாரும் எழுந்துபோகும்வரை காத்திராமல் ஆளுக்கொரு பக்கம் கிடைத்தது. ஒரு வீடு தப்பியது, மற்றவை போயின. "கஜாவுக்கு இது பரவால்லடி" என்று சிரித்தாள். பிறகு, "இத எப்புடி எழுதுனாங்க?" என்று கேட்டாள். மூல நிரலைத் திறந்து காட்டினேன். இரவு வெகுநேரம்வரை ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். காண்ட்ரா ஓடுமா என்று கேட்டவளுக்கு நான் தந்த விடை இது: ஓடும், ஆனால் உரிய விலைகொடுத்து வாங்கி ஓட்டுவோம். அதற்கு உண்டியல் ஒன்று வைத்திருக்கிறோம்.

எமுலேட்டர் எழுதுவது, ஒரு பொறியை முற்றிலும் புரிந்துகொண்டோம் என்று எழுதித் தரும் உறுதிமொழி. புரியாத இடம் எங்கோ, அங்கே விளையாட்டு உறைந்து நிற்கும். பெட்டியைப் புயல் கொண்டுபோகலாம். பெட்டி எவ்வாறு நடந்தது என்ற அறிவு எழுதிவைக்கப்பட்டிருந்தால் அது மீண்டும் எழும். நம்மைச் சுற்றிப் பழுதாகி மறைந்துகொண்டிருக்கும் பொருள்கள் பல. அவற்றின் நடையை அளந்து எழுதிவைக்கும் வேலை நம் தலைமுறையின் பங்கு. நண்பர்களே, ஒரு பழைய பொறியைத் தேர்ந்தெடுங்கள். விளையாட்டாகவே தொடங்குங்கள். அதன் நிரலைத் திறந்து பார்க்கும் நாளில், அது உங்களுக்கும் பாடமாகும்.